ஒரே வருமானம், ஐந்து விதமான வரி

வருமான வரி நியாயமாக இருக்கிறதா என்று அளக்க இரண்டு அளவுகோல்கள் உண்டு. ஒரே அளவு சம்பாதிக்கும் இருவர் ஒரே அளவு வரி கட்ட வேண்டும் என்பது முதலாவது. அதிகம் சம்பாதிப்பவர் தொகையில் மட்டுமின்றி விகிதத்திலும் அதிகம் கட்ட வேண்டும் என்பது இரண்டாவது. குடிமக்கள் அவரவர் சக்திக்கு ஏற்ப அரசுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஆடம் ஸ்மித் 1776-இலேயே எழுதிவிட்டார். பட்ஜெட் வரும்போதெல்லாம் பேச்சு இரண்டாவது அளவுகோலைச் சுற்றியே நடக்கிறது: யாருக்கு எத்தனை சதவீதம், எந்த வரம்பு எவ்வளவு உயர்ந்தது என்று. இந்தியாவின் வருமான வரி அதைவிட மோசமாகத் தவறுவது முதல் அளவுகோலில்தான்.

2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி ஐந்து வீடுகளின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து வீட்டுக்கும் ஆண்டுக்கு 24 லட்சம் ரூபாய் வருகிறது.

முதல் வீட்டில் ஒருவர் மட்டும் வேலைக்குப் போகிறார். அவருடைய சம்பளத்தில் 75,000 ரூபாய் நிலையான கழிவு போக மீதி 23.25 லட்சத்துக்கு வரி. செஸ் என்ற துணை வரியும் சேர்த்து 2,92,500 ரூபாய். இரண்டாவது வீட்டில் இருப்பவர் ஒரு தொழில்நுட்ப ஆலோசகர். அவருக்கு வரும் கட்டணத்தில் பாதியைச் செலவு என்று சட்டமே அனுமானித்துக்கொள்கிறது. பில்லோ கணக்குப் புத்தகமோ காட்ட வேண்டியதில்லை. மீதி 12 லட்சம். 12 லட்சம் வரை முழுத் தள்ளுபடி இருப்பதால் அவர் கட்டுவது பூஜ்யம். மூன்றாவது வீட்டில் கணவனும் மனைவியும் ஆளுக்கு 12 லட்சம் சம்பாதிக்கிறார்கள். அங்கேயும் பூஜ்யம். நான்காவது வீட்டுக்குப் பணம் முழுவதும் தோப்பிலிருந்தும் வயலிலிருந்தும் வருகிறது. விவசாய வருமானத்துக்கு வரியே இல்லை. ஐந்தாவது வீட்டுக்காரர் வேலை எதற்கும் போகாமல், பல ஆண்டுகள் வைத்திருந்த பங்குகளை விற்று 24 லட்சம் லாபம் பார்த்தவர். 12.5 சதவீத விகிதத்தில், விலக்குகள் போக, அவர் கட்டுவது 2,43,750 ரூபாய்.

இந்த ஐவரில் யாரும் ஏய்க்கவில்லை, எதையும் மறைக்கவில்லை. எல்லாம் சட்டப்படி நடந்த கணக்கு. அதிக வரி கட்டியவர் தினமும் வேலைக்குப் போய், ஒற்றைச் சம்பளத்தில் ஒரு குடும்பத்தையே தாங்குகிறவர்.

விகிதங்கள் காகிதத்தில் ஒழுங்காகவே ஏறுகின்றன. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. பிறகு ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 என்று உயர்ந்து, 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம். சிக்கல் 12 லட்சம் என்ற எல்லையில் இருக்கிறது. 12 லட்சம் வரை தள்ளுபடியால் வரி கிடையாது. அதற்கு மேல் போனால் கீழ்ப் படிகளுக்கும் சேர்த்து வரி விழும். ஒரு ரூபாய் கூடியதற்காக 60,000 ரூபாய் கட்ட நேருமே என்று ஒரு நிவாரணம் வைத்திருக்கிறார்கள்: 12 லட்சத்தைத் தாண்டிய தொகை எவ்வளவோ, அதற்கு மேல் வரி கேட்க மாட்டார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 12 லட்சத்துக்கும் சுமார் 12.7 லட்சத்துக்கும் இடையில் கூடுதலாக வரும் ஒவ்வொரு ரூபாயும் அப்படியே வரியாகப் போய்விடும், அதன் மேல் 4 சதவீத செஸ் வேறு. கோடிகளில் சம்பாதிப்பவருக்குக்கூட மேல்வரி, செஸ் எல்லாம் சேர்ந்து கடைசி ரூபாயில் போவது 39 காசு. இந்தச் சிறு இடைவெளியில் மாட்டிக்கொண்ட சம்பளக்காரருக்கு 104 காசு.

சம்பளம் மட்டும் ஏன் இவ்வளவு முழுமையாக வரிக்கு உட்படுகிறது என்பதற்கான பதில் எளிது: அது கண்ணுக்குத் தெரிகிறது. பணம் ஊழியரின் வங்கிக் கணக்குக்கு வரும் முன்பே நிறுவனம் டிடிஎஸ் பிடித்து அரசுக்குக் கட்டிவிடுகிறது. நிதியாண்டு முடியும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பாக்கி வரியெல்லாம் பிடிக்கப்பட்டு, சம்பளம் பாதியாக வந்து நிற்கும் அனுபவம் எல்லா அலுவலகங்களிலும் உண்டு. தொழில் செய்பவர் நிலை வேறு. அவர் முதலில் செலவு செய்கிறார், பிறகு கணக்கு எழுதுகிறார், மிஞ்சியதற்கு வரி கட்டுகிறார். கார், பெட்ரோல், செல்போன், அலுவலக வாடகை எல்லாம் செலவுக் கணக்கில் ஏறும். சம்பளக்காரர் வேலைக்குப் போக ஆகும் பஸ் கட்டணமும் வாடகையும் 75,000 ரூபாய்க்குள் அடங்கிவிட வேண்டும்.

இதன் விளைவை அப்போது நிதியமைச்சராக இருந்த அருண் ஜெட்லி நாடாளுமன்றத்தில் இரண்டு பட்ஜெட் உரைகளில் எண்களோடு சொன்னார். 2017-இல் சொன்னது: நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் வருமானம் காட்டிய தனிநபர்கள் 76 லட்சம் பேர், அவர்களில் 56 லட்சம் பேர் சம்பளக்காரர்கள். 50 லட்சத்துக்கு மேல் காட்டியவர்கள் வெறும் 1.72 லட்சம் பேர். அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் 1.25 கோடிக்கு மேல் கார்கள் விற்றிருந்தன. 2015 என்ற ஒரே ஆண்டில் 2 கோடி பேர் தொழிலுக்கோ சுற்றுலாவுக்கோ வெளிநாடு பறந்திருந்தார்கள். அடுத்த ஆண்டு உரையில் வந்த ஒப்பீடு இன்னும் தெளிவானது. 1.89 கோடி சம்பளக்காரர்கள் சேர்ந்து 1.44 லட்சம் கோடி ரூபாய் கட்டியிருந்தார்கள், தலைக்குச் சராசரி 76,306 ரூபாய். ஏறக்குறைய அதே எண்ணிக்கையில், 1.88 கோடி வணிகர்களும் தொழில்முறையாளர்களும் கட்டியது 48,000 கோடி, சராசரி 25,753 ரூபாய். வணிகர்களில் பலர் உண்மையிலேயே சிறு வருமானக்காரர்கள் என்பதைக் கழித்துக்கொண்டாலும் மூன்று மடங்கு வித்தியாசத்தை அது மட்டும் விளக்கிவிடாது.

இரண்டாவது வீட்டுக்காரருக்குக் கைகொடுத்த அனுமான வருமான முறை தவறான எண்ணத்தில் வந்ததல்ல. மளிகைக் கடை நடத்துபவரிடம் ஒவ்வொரு கொள்முதலுக்கும் பில் கேட்டு, ஆடிட்டர் வைத்துக் கணக்குத் தணிக்கை செய்யச் சொன்னால் வரியைவிட அந்தச் செலவு கூடிவிடும். அதனால் விற்றுமுதலில் 8 சதவீதத்தை, வங்கி அல்லது டிஜிட்டல் வழியாக வந்த பணமென்றால் 6 சதவீதத்தை, லாபமாகக் காட்டினால் போதும் என்று சட்டம் விட்டுவிடுகிறது. சிறு வணிகருக்கு இது பெரிய நிம்மதி, வரித் துறைக்கும் வேலை மிச்சம். ஆனால் எல்லை எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். டிஜிட்டல் வழியாக 2 கோடி ரூபாய்க்கு விற்றவர் 6 சதவீதக் கணக்கில் 12 லட்சம் லாபம் காட்டுவார், வரி பூஜ்யம். மருத்துவர், வழக்கறிஞர், கட்டடக் கலைஞர், ஆடிட்டர் போன்றோர் 50 லட்சம் வரை, ரொக்கம் மிகக் குறைவென்றால் 75 லட்சம் வரை, கட்டணத்தில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். பாதிக்கு மேல் சம்பாதித்தவர் உண்மையைக் காட்டலாம் என்று சட்டம் வழிவிட்டிருக்கிறது. காட்ட வைக்கும் ஏற்பாடு பலவீனம். கணக்கு எழுதத் தெரியாத கடைக்காரருக்காக உண்டான சலுகையை, கணக்கு எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கும் நீட்டியதற்கு நியாயம் சொல்வது கடினம்.

விவசாய வருமானத்தின் கதை நீளமானது. 1857 கிளர்ச்சியை அடக்கிய செலவால் கடனில் மூழ்கிய பிரிட்டிஷ் இந்திய அரசுக்குப் பணம் தேட ஜேம்ஸ் வில்சன் என்ற நிதி உறுப்பினர் லண்டனிலிருந்து வந்தார். 1860-இல் அவர் கொண்டுவந்ததே இந்தியாவின் முதல் வருமான வரி. அதற்கு வந்த மிகக் கடுமையான எதிர்ப்பு ஓர் ஆங்கிலேய அதிகாரியிடமிருந்து, சென்னையிலிருந்து வந்தது. அப்போதைய மதராஸ் ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன், செலவைக் குறைக்காமல் மக்கள் அறியாத புது வரியைச் சுமத்துவது ஆபத்து என்று குறிப்பெழுதி, அதைப் பத்திரிகைகளுக்கும் கொடுத்துவிட்டார். அரசின் உள் விவகாரத்தை வெளியே சொன்ன குற்றத்துக்காக அவர் திருப்பி அழைக்கப்பட்டார். வில்சன் அதே ஆண்டு ஆகஸ்டில் கல்கத்தாவில் இறந்தார். சில ஆண்டுகளில் டிரெவெல்யனே நிதி உறுப்பினராகத் திரும்பி வந்தார். 1865-இல் அந்த வரி காலாவதியானது.

1860 சட்டம் நில வருமானத்தையும் விட்டுவைக்கவில்லை. பின்னால் வந்த 1886 சட்டம்தான் விவசாய வருமானத்துக்கு விலக்கு கொடுத்தது. உழுகிறவர் ஏற்கெனவே நிலவரி கட்டுகிறார், அதே மண்ணுக்கு இரண்டாவது வரி எதற்கு என்பது அன்றைய வாதம். அன்று அது நியாயமான வாதமும்கூட, ஏனென்றால் கிஸ்தி அரசுக்கு முதன்மை வருவாயாகவும் குடியானவருக்குப் பெரும் பாரமாகவும் இருந்தது. இன்று நிலவரி பெயரளவுக்கு வந்துவிட்டது, விலக்கு மட்டும் அப்படியே நீடிக்கிறது. 1935 சட்டத்தின் வழியில் அரசியலமைப்பும் விவசாய வருமானத்தின் மீது வரி போடும் அதிகாரத்தை மாநிலங்களிடம் கொடுத்துவிட்டதால், மத்திய அரசு நினைத்தாலும் நேரடியாகத் தொட முடியாது. அசாம், கேரளம் போன்ற மாநிலங்கள் தோட்டப் பயிர்களைக் கருதி வரிச் சட்டம் போட்டதுண்டு. இன்று நெல்லுக்கும் கரும்புக்கும் அப்படி வரி கேட்கும் துணிவு எந்தக் கட்சிக்கும் இருப்பதாகத் தெரியவில்லை. தேயிலைக்கு ஒரு சமரசம் இருக்கிறது: நீலகிரியில் பறிக்கப்பட்டு அங்கேயே ஆலையில் தூளாகும் தேயிலையின் லாபத்தில் 40 சதவீதம் தொழில் வருமானம், 60 சதவீதம் விவசாய வருமானம்.

பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் தலைமையிலான குழு 1972-இல் பெரிய நில உடைமைகளுக்கு ஒரு வரியைப் பரிந்துரைத்தது. அது நிறைவேறவில்லை. அடுத்த ஆண்டு வந்தது ஒரு பாதி வழி மட்டுமே: வேறு வருமானமும் உள்ளவருக்கு, அந்த வருமானத்தின் வரி விகிதத்தை முடிவு செய்ய விவசாய வருமானத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். 2014-இல் பார்த்தசாரதி ஷோம் தலைமையிலான வரி நிர்வாகச் சீர்திருத்த ஆணையம், ஆண்டுக்கு 50 லட்சம் போல் விவசாயத்தில் ஈட்டும் பெரிய விவசாயிகளிடமாவது வரி கேட்கலாம் என்றது. அதுவும் கோப்பில் உறங்குகிறது.

இந்த யோசனை வரும்போதெல்லாம் 'விவசாயிக்கு வரியா?' என்ற கேள்வி எழுந்து பேச்சை முடித்துவிடுகிறது. தேசிய மாதிரி ஆய்வின்படி 2018-19-இல் இந்திய விவசாயக் குடும்பம் ஒன்றின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதிலும் பயிரிலிருந்து கிடைத்தது 3,798 ரூபாய்தான். கூலி வேலையில் கிடைத்தது அதைவிட அதிகம். நில உடைமைகளில் 86 சதவீதம் 5 ஏக்கருக்கும் குறைவு. எல்லோருக்கும் உள்ள அதே 12 லட்ச வரம்பை வைத்தால் தஞ்சாவூரிலோ தேனியிலோ சிறு விவசாயி ஒருவர்கூட வரி கட்ட நேராது. விலக்கால் பலன் பெறுபவர்கள் நூற்றுக்கணக்கான ஏக்கர் உள்ள பெருநிலக்காரர்கள், விதை நிறுவனங்கள், நகரத்தில் வேறு வழியில் வந்த பணத்தைப் பண்ணை வருமானம் என்று கணக்கில் ஏற்றுபவர்கள். சிட்டாவும் அடங்கலும் கையில் இருந்தால் அந்த நிலத்தில் விளைய முடியாத தொகையையும் விளைந்ததாகக் காட்டலாம். விவசாய வருமானம் என்று விலக்குக் கேட்ட கோரிக்கைகளில் கணிசமானவற்றைச் சரியான ஆவணம் பார்க்காமலே வருமான வரித் துறை ஏற்றுக்கொண்டதாகத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2019 அறிக்கை சுட்டிக்காட்டியது. ஏழை விவசாயியின் பெயரைச் சொல்லிப் பணக்காரர் பெறும் சலுகை இது. அண்டை நாடான பாகிஸ்தானிலோ, பன்னாட்டு நிதியத்தின் நெருக்குதலால் நான்கு மாகாணங்களும் 2024 இறுதியிலும் 2025 தொடக்கத்திலும் விவசாய வருமான வரிச் சட்டங்களை நிறைவேற்றிவிட்டன.

இனி இரண்டாவது அளவுகோல். மேலே இருப்பவரிடம் கடுமையான விகிதத்தில் வசூலிக்கும் சோதனையை இந்தியா ஒருமுறை எல்லைவரை செய்து பார்த்தது. 1973-74-இல் 2 லட்சத்துக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 85 சதவீத வரி, அதன் மேல் 15 சதவீதக் கூடுதல் வரி, ஆக 97.75 சதவீதம். கடைசி நூறு ரூபாயில் கையில் நிற்பது இரண்டேகால் ரூபாய். விளைவு, வருமானம் கணக்குப் புத்தகத்தை விட்டே வெளியேறியது. கறுப்புப் பணத்தை ஆராய்ந்த வாஞ்சு குழு 1971-இலேயே இதை எச்சரித்திருந்தது. அதற்கும் முன்பே, 1956-இல், கேம்பிரிட்ஜிலிருந்து வந்த நிக்கோலஸ் கால்டர் மாற்று வழி சொல்லியிருந்தார்: வருமான வரியின் உச்ச விகிதத்தை 45 சதவீதத்துக்கு இறக்கு, கூடவே சொத்து, மூலதன லாபம், அன்பளிப்பு, செலவு ஆகியவற்றுக்கும் வரி போடு. ஒன்றில் மறைத்தது மற்றொன்றில் மாட்டிக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1957-இல் சொத்து வரியையும் செலவு வரியையும் கொண்டுவந்தார். விகிதத்தை அந்த அளவுக்கு இறக்காமல், விலக்குகளை மட்டும் அடுக்கியதால் திட்டம் நீர்த்துப்போனது.

பிறகு வந்த அரசுகள் விகிதங்களை இறக்கின, ஆனால் கால்டர் கேட்ட துணை வரிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டன. செலவு வரி 1966-இல் போனது. இறந்தவர் சொத்தின் மீதான எஸ்டேட் டியூட்டி 1985-இல் போனது. இன்று இந்தியாவில் எத்தனை கோடி வாரிசுச் சொத்து வந்தாலும் அதற்காக வரி இல்லை. சொத்து வரி 2015 பட்ஜெட்டில் நீக்கப்பட்டது, அப்போது அதன் ஆண்டு வசூல் சுமார் 1,008 கோடிதான். பங்குகளின் நீண்டகால லாபத்துக்கு 2004 முதல் 2018 வரை வரியே கிடையாது. இப்போது 12.5 சதவீதம். கோடி ரூபாய் சம்பளம் வாங்குபவரின் மேல் அடுக்குக்கு 30 சதவீதம், கோடி ரூபாய்ப் பங்கு லாபத்துக்கு 12.5 சதவீதம். விற்காமல் வைத்திருக்கும் பங்கு எவ்வளவு ஏறினாலும் வரி இல்லை. 2019-இல் கம்பெனிகளுக்கான அடிப்படை விகிதம் 22 சதவீதமாக இறங்கிய பிறகு, தனிநபர்கள் கட்டும் வரி கம்பெனி வரியைத் தாண்டிவிட்டது: 2023-24-இல் கம்பெனிகள் கட்டியது 9 லட்சம் கோடி அளவில், தனிநபர் வரி 10 லட்சம் கோடிக்கு மேல். 2022-23-இல் நாட்டின் வருமானத்தில் 22.6 சதவீதமும் சொத்தில் 40.1 சதவீதமும் உச்சியில் உள்ள ஒரு சதவீதத்தினரிடம் இருந்ததாக உலகச் சமத்துவமின்மை ஆய்வகம் மதிப்பிட்டது. பெரும் செல்வர்களின் வருவாய் சம்பளமாக வராமல் பங்கின் ஏற்றமாக வருகிறது, வரி அமைப்பு மிக இலேசாகத் தொடுவதும் அதையே.

'நூற்றுக்கு இரண்டு பேர்தான் வரி கட்டுகிறார்கள்' என்ற பேச்சும் இந்த விவாதத்தில் அடிக்கடி வரும். 2022-23-இல் தாக்கலான 7.4 கோடி கணக்குகளில் 5 கோடிக்கு மேற்பட்டவை பூஜ்ய வரிக் கணக்குகள் என்பது உண்மை. 12 லட்ச வரம்பு வந்தபின் மேலும் சுமார் ஒரு கோடிப் பேர் விடுபடுவார்கள் என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சொன்னார். ஆனால் குழந்தைகள், முதியோர், கூலித் தொழிலாளர் அனைவரையும் சேர்த்த 140 கோடியை வகுத்து வரும் சதவீதம் எதையும் சொல்லாது. செல்போன் வாங்கும் கொத்தனாரும் தொழிலதிபரும் ஒரே 18 சதவீத ஜிஎஸ்டிதான் கட்டுகிறார்கள், பெட்ரோல் போடும்போது ஒரே வரிதான். மத்திய, மாநில வரிகளைச் சேர்த்துப் பார்த்தால் பாதிக்கு மேல் இப்படி மறைமுகமாகத்தான் வருகிறது, அதில் ஏழைக்கென்று விலக்கு வரம்பு இல்லை. வருமான வரிக்கு வெளியே நிற்கும் ஏழையை வரி கட்டாதவர் என்பது பொய். குறைபாடு, கட்டும் சக்தி இருந்தும் வெளியே நிற்பவர்களிடம் இருக்கிறது.

குடும்ப அளவில் இன்னொரு வேறுபாடும் உண்டு. இந்து கூட்டுக் குடும்பம் தனி நபரைப் போலவே தனி பான் எண்ணும் தனி விலக்கு வரம்பும் பெறலாம். சீக்கிய, சமண, பௌத்தக் குடும்பங்களுக்கும் இது உண்டு. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இல்லை. கேரளம் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் கூட்டுக் குடும்ப முறையையே ஒழித்துவிட்டதால் அங்குள்ள இந்துக்களுக்கும் இந்த வழி அடைபட்டது. பூர்வீகச் சொத்து உள்ள குடும்பத்துக்கே இதனால் பயன், சொத்தில்லாத சம்பளக்காரருக்கு எதுவும் இல்லை.

மறைத்தவருக்கு அவ்வப்போது மன்னிப்பும் கிடைத்திருக்கிறது. 1997-இல் தானாக முன்வந்து அறிவிக்கும் திட்டத்தில் 33,000 கோடிக்கு மேல் வெளிவந்தது. அபராதமும் வட்டியும் இல்லை, தனிநபர்கள் கட்டியது 30 சதவீதம் மட்டும். நகைகளை 1987-ஆம் ஆண்டு விலைக்கு மதிப்பிட அனுமதித்ததால் உண்மையில் அதைவிடக் குறைவாகக் கட்டியவர்கள் பலர். அதே காலத்தில் தவறாமல் கட்டியவர்களில் பலர் அதற்கு முந்தைய ஆண்டுகளில் 40 சதவீதம் கட்டியிருந்தார்கள்.

2021 முதல் வருமான வரித் துறை ஒவ்வொருவருக்கும் ஆண்டுத் தகவல் அறிக்கை ஒன்றைத் தயாரிக்கிறது. வங்கி வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்பனை, மியூச்சுவல் ஃபண்ட், பத்திரப் பதிவு எல்லாம் பான் எண்ணோடு இணைந்து அதில் வந்து விழுகின்றன. முன்பு சம்பளம் மட்டுமே தெரிந்த இடத்தில் இப்போது முதலீட்டு வருமானமும் தெரிகிறது. ரொக்கமாக வாங்கும் கட்டணமும் நெல் மண்டியில் எழுதும் கணக்கும் இன்னும் அதில் இல்லை. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. எண்ணூறுக்கு மேற்பட்ட பிரிவுகள் 536 ஆகச் சுருங்கின, மொழி எளிமையானது. விவசாய விலக்கு, பாதி வருமான அனுமானம், கூட்டுக் குடும்பத்தின் தனி வரம்பு மூன்றும் புதிய சட்டத்திலும் அப்படியே இடம்பெற்றுள்ளன.